சுவிஸில் அடிக்கும் படலை மணி

என் வீட்டு வாசல் படலையில் யாராவது மணியை அழுத்தினால், எனக்குக் கேட்கிறதோ இல்லையோ, சுவிஸில் இருக்கும் என் மகளுக்குக் கேட்கும். அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்ப்பாள். ஒழுங்கையில் நிற்பது மீன்காரரா, கரண்ட் மீற்றர் பார்க்க வந்தவரா என்று எனக்கு முன்னமே அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த மணியை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து என் மகளின் குரல் எனக்குக் கிடைப்பதும் கிடையாமல் போவதும் அதன் கையில் இருந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த மட்டுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. படலைக்கும் வீட்டுக்கும் இடையில் நல்ல தூரம். முன்பு யாராவது வந்தால் படலைக் கொளுக்கியைத் தட்டி, "ஆர் வீட்டிலை?" என்று கூப்பிடுவார்கள். என் கணவர் எழுந்து போவார். எனக்கு ஆட்களோடு முகம் கொடுத்துக் கதைப்பது சின்ன வயதிலிருந்தே வராது. அவர் காலமான பிறகும் ஆட்கள் அதே மாதிரித்தான் கூப்பிட்டார்கள். நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். தெரிந்த முகமா, என்ன சொல்ல வேண்டும், எந்தச் சீலையோடு நிற்கிறேன் என்றெல்லாம் யோசித்து முடிக்கும்போது வந்தவர் போய்விடுவார். வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்துப் போனவர்கள் பலர்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் எனக்குப் போன் எடுப்பாள். நானாக எடுப்பதில்லை. இது என்னுடைய பழக்கம் மட்டும் இல்லை, இங்கே பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கிற எல்லோருடைய பழக்கமும் அதுதான். அவர்கள் வேலையில் நிற்பார்கள், நித்திரையில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வோம். அதைவிட இன்னொரு காரணமும் உண்டு. ஊரிலிருந்து தானாக ஓர் அழைப்புப் போனால் அங்கே இருப்பவர்களுக்கு நெஞ்சு திடுக்கிடும். செத்தவீட்டுச் செய்திதான் அப்படிப் போகும். கணவரின் செய்தியும் அப்படித்தான் போனது.

அவர் போன அடுத்த வருசம், ஒரு நாள் மத்தியானம், ஒரு காரணமும் இல்லாமல் நான் அவளைப் போனில் எடுத்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. கதைக்கவேண்டும் போல இருந்தது. அவள் போனை எடுத்த வேகத்திலேயே, "அம்மா! என்னம்மா? ஆருக்கு என்ன?" என்று கத்தினாள். பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. ஒன்றுமில்லை, சும்மா எடுத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கை தவறி அழுத்திவிட்டேன் என்று சொன்னேன். "ஐயோ அம்மா, என்ரை உயிரே போட்டுது" என்றாள். அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

பக்கத்து ஒழுங்கையில் பட்டப்பகலில் ஒரு வீட்டுக்குள் கள்ளர் புகுந்த கதை எப்படியோ சுவிஸ் வரைக்கும் போய்விட்டது. மகள் முதலில் ஆள் பிடித்து, பழைய வேலியை எடுத்துவிட்டு நாலு பக்கமும் தகரம் அடிப்பித்தாள். படலையும் தகரம். அதற்குப் பிறகு, ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினாள். அதற்குள் கறுப்பாய், கைக்கு அடக்கமாய் ஒரு மணி. அதில் ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. கூடவே மூன்று வெள்ளைப் பெட்டிகள். போன் வயர் வருகிற இடத்தில் ஒன்றையும், மற்ற இரண்டையும் வீட்டில் வேறு இடங்களிலும் வைத்தால், மூன்றும் தங்களுக்குள் கதைத்து வளவு முழுக்க வைஃபையைப் பரப்புமாம். மெஷ் என்று அதற்குப் பெயர் சொன்னாள். "வலை மாதிரி அம்மா" என்றாள்.

"இனிப் படலையை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் பயப்பிடாமல் இருங்கோ."

நான் பயப்படவில்லை. ஆனாலும் அப்படிச் சொல்லவில்லை. அவள் பார்க்கப்போகிறாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சந்தியில் கமெரா பூட்டும் கடை வைத்திருப்பவர் வந்தார். நரைத்த மீசை, ஓயாத வாய். மணியைப் படலைத் தூணின் வெளிப்பக்கத்தில் பூட்டினார். பெட்டி ஒன்றை விறாந்தையில் வைத்தார், ஒன்றைக் குசினிப் பக்கம் வைத்தார். மகள் போனில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தன் போனில் தட்டினார். பிறகு படலைக்குப் போய் மணியை அழுத்தினார். விறாந்தையில் ஒரு சத்தம் கிணுகிணுத்தது. அதே நேரம் தூணுக்குள் இருந்து என் மகள், "ஹலோ, கேக்குதே?" என்றாள். எனக்குப் புல்லரித்தது. கமெராக்காரர் போன பிறகு நான் படலையைச் சாத்திக் கொளுக்கி போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, மணி விட்டுட்டுது. ஓஃப்லைன் எண்டு காட்டுது."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அடுத்த நாளும் எடுத்தாள். அதற்கு அடுத்த நாளும் எடுத்தாள். வேலைக்குப் போகிற வழியில் எடுப்பாள், இடைவேளையில் எடுப்பாள். எல்லாம் மணியைப் பற்றிய கதைதான்.

"அம்மா, விறாந்தைப் பெட்டியிலை லைற் எரியுதே?"

"எரியுது."

"என்ன நிறம்?"

"வெள்ளை மாதிரியும் கிடக்கு, நீலம் மாதிரியும் கிடக்கு."

"ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

"கத்தரிப்பூ எண்டு சொல்லலாமோ?"

"அப்பிடி ஒரு நிறமே உதிலை இல்லை அம்மா!"

இப்படிக் கதைத்துக்கொண்டு நான் போனோடு வீட்டைச் சுற்றி வருவேன். பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னப் பொத்தானை ஊசியால் அழுத்தச் சொல்வாள். அழுத்திவிட்டு அது திரும்ப உயிர் பெறும் வரைக்கும் இருவரும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் நேரம்தான் எனக்குப் பெரிய காரியமாக இருந்தது. அப்போதுதான் அவள், "என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்பாள். "முருங்கையிலை வறுத்தனான்" என்பேன். "இஞ்சை குளிர் தொடங்கீட்டுது" என்பாள். பேரப்பிள்ளை பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறான் என்று அப்படி ஒரு நேரத்தில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கதையில் இதெல்லாம் வராது. அதில் மருந்து எடுத்தீர்களா, கால் நோகிறதா என்பது மட்டும்தான் வரும்.

கமெராக்காரர் மீண்டும் வந்தார். விறாந்தைக்கும் படலைக்கும் நடந்து திரிந்தார். படலையைத் திறந்தால் மணி உயிர்க்கும். சாத்தினால் செத்துவிடும். அதைக் கண்டுபிடித்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, கோட்டை மதில் மாதிரித் தகரம் அடிச்சு வைச்சிருக்கிறியள். உங்கை கள்ளனும் வரமாட்டான், வைஃபையும் வராது."

"அப்ப படலையைத் திறந்து விடுறதே?"

"திறந்து விட்டால் பேந்து என்னத்துக்கு மணி?"

விறாந்தைப் பெட்டியை எடுத்து, படலையைப் பார்த்திருக்கும் முன்னறையில், தகரத்தின் உச்சிக்கு மேலால் தெரியும் உயரத்தில் ஒரு தட்டு அடித்து வைத்தார். யன்னல் மேல்கதவைச் சாத்த வேண்டாம் என்றார். பிறகு போனில் மகளுக்கு நீண்ட விளக்கம் சொன்னார். பெட்டிகள் இரண்டு விதமான அலையை அனுப்புமாம். வேகமானது தூரம் போகாது. மெதுவானது சுவர் தாண்டும். மணிக்கு மெதுவானது மட்டும்தான் விளங்கும். அதனால் மணிக்கென்று தனிப் பெயரில் ஒரு வைஃபை போட்டார். அதோடு இன்னொன்றும் செய்தார்.

"உங்கடை மணி கட்டாக்காலி மாடு மாதிரி, குசினிப் பெட்டிக்கும் விறாந்தைப் பெட்டிக்கும் மாறி மாறிப் பாயுது. நான் இப்ப உதை முன்னறைப் பெட்டியிலை கட்டிவிட்டிருக்கிறன். இனி அறுத்துக்கொண்டு ஓடாது."

படலையைச் சாத்தினார். மணி சாகவில்லை. நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். முன்னறையைப் பூட்டி வந்து சோற்றுப் பானையை இறக்கியிருக்க மாட்டேன், போன் அடித்தது.

"அம்மா, திரும்பவும் விட்டுட்டுது! அந்த மனிசன் என்ன செய்து கிழிச்சவர்?"

நான் முன்னறைக்குப் போனேன். பெட்டியில் சிவப்பு லைற் எரிந்தது. பார்த்துக்கொண்டு நிற்க, கொஞ்ச நேரத்தில் வெள்ளையானது.

"இப்ப வந்திட்டுது" என்றாள். "என்ன அம்மா செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. வந்து பாத்தனான்."

இது பல தரம் நடந்தது. மணி விட்டுப்போகும். அவள் எடுப்பாள். நான் முன்னறைக்குள் போவேன். பெட்டி சிவந்து, பிறகு வெளுத்து, மணி வந்துவிடும். "உங்கடை கைராசி அம்மா. நீங்கள் போய் நிண்டால் வருது" என்று மகள் பகிடி விட்டாள். எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. என் கதிரையை முன்னறைக்குக் கொண்டுபோனேன். அங்கேயே இருந்து கீரை ஆய்ந்தேன், உடுப்புக்குப் பொத்தான் தைத்தேன். நான் இருக்கும் வரைக்கும் மணி இருந்தது. குசினிக்குப் போனால் போய்விடும். போன் வரும். யாரோ என்னைத் தேடிக் கூப்பிடுகிற மாதிரி ஓடி வருவேன்.

ஆனால் நாள் போகப் போக மகளின் குரல் மாறியது. "என்ன சமைச்சனீங்கள்?" குறைந்தது. "அம்மா, நான் வேலையிலை நிக்கிறன். உதோடை மல்லுக்கட்டேலாது" என்றாள். கமெராக்காரர் மரம் மறைக்கிறது என்று மாமரத்தில் ஒரு கொப்பை வெட்டினார். மணியைக் கழற்றி பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றிப் பூட்டினார். மூன்று பெட்டியையும் முதலில் இருந்து தொடங்கினார். அவர் நிற்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். அவர் சந்திக்குப் போய்ச் சேர முன்பே மகள் அவருக்கு எடுத்து ஏசுவாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் ஒடியல் மா கொண்டுவந்தாள். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. என்னை மாமி என்பாள். கதிரை முன்னறையில் இருந்தபடியால் அங்கேயே இருந்து கதைத்தோம். அதாவது அவள் கதைத்தாள். எழும்பி வெளியே வரும்போது, அவள் எனக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"மாமி, என்ன உதை நூர்த்துப்போட்டியள்?"

"எதை?"

"பெட்டியை. சுவிச்சை நூர்த்துப்போட்டெல்லோ வாறியள்."

திரும்பிப் பார்த்தேன். தட்டில் இருந்த பெட்டி இருண்டு கிடந்தது. கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரே பலகையில் இரண்டு சுவிச். ஒன்று அறை லைற்றுக்கு, மற்றது பிளக்குக்கு. இரண்டும் நூர்ந்து கிடந்தன. என் கை இன்னும் அந்தப் பலகையிலேயே இருந்தது.

நான் அதைச் செய்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சண்டைக் காலத்தில் எங்களுக்கு வருசக்கணக்காகக் கரண்ட் இருக்கவில்லை. போத்தல் விளக்கோடு இருந்தோம். திரும்பக் கரண்ட் வந்தபோது, ஆள் இல்லாத அறையில் ஒன்றும் எரியக்கூடாது என்று என் கணவர் சொன்னார். வெளிக்கிடும்போது பலகையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே இழுவையில் நூர்க்க வேண்டும். அதை நான் இத்தனை வருசம் ஒவ்வோர் அறையிலும் செய்திருக்கிறேன். உள்ளே போகும்போது அதே கை எல்லாவற்றையும் போட்டுவிடும். மகள் லைற்றைப் பார் என்று என்னை அனுப்பிய ஒவ்வொரு தரமும் நான்தான் பெட்டியைத் திரும்ப எழுப்பியிருக்கிறேன். கைராசி என்று சொன்னது அதைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம் அந்தக் கமெராக்கார அண்ணை! மாமரத்தையும் வெட்டிப்போட்டார். மகளுக்குச் சொல்லுங்கோ மாமி, விழுந்து விழுந்து சிரிப்பா."

அவள் போன பிறகு நான் சுவிச்சைப் போட்டுவிட்டு அந்தக் கதிரையில் இருந்தேன். பெட்டி சிவந்தது, வெளுத்தது. இனி இது விட்டுப்போகாது. விட்டுப்போகாவிட்டால் அவள் ஏன் எடுக்கப்போகிறாள்? அதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு நினைவில் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். என் கை தன் பாட்டில் செய்வதைச் செய்யட்டும். அடுப்பில் கறி அடிப்பிடித்த மணம் வரும் வரைக்கும் இப்படி யோசித்துக்கொண்டு இருந்தேன்.

மகள் எடுத்தபோது அவள் குரல் களைத்திருந்தது.

"நான் அந்த மனிசனைச் சரியாய்ப் பேசிப்போட்டன் அம்மா. எனக்கே ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்கள் உதுகள் எல்லாத்தையும் கழட்டிப் பெட்டியிலை போட்டு வையுங்கோ."

அந்தக் களைப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சுவிச்சைச் சொன்னேன், அப்பாவின் சொல்லைச் சொன்னேன், கையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். மூச்சு எடுக்க முடியாமல், இருமி இருமிச் சிரித்தாள். "அப்பா செத்தும் கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் அம்மா" என்றாள். அதைச் சொல்லிவிட்டு, சிரிப்போடேயே கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன். அப்படி அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்!

பக்கத்து வீட்டுப் பெண் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அந்தப் பிளக் சுவிச்சின் மேல் குறுக்கும் மறுக்குமாக ஒட்டிவிட்டாள். என் கை அதில் போய் இடறித் திரும்பும். மணி அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

மகளும் எடுக்கவில்லை. அவளில் பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. எடுத்தாள். "நல்லா வேலை செய்யுது அம்மா. காலமை நீங்கள் படலையடி கூட்டினதையும் பாத்தனான். நீலச் சீலை" என்றாள். அடுத்த ஞாயிறு எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது, "உங்களைத்தான் நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனே" என்றாள். நான் படலைக்குப் போனால் மணியின் கண் என்னை அவளுக்குக் காட்டுகிறது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பார்க்கிறாளா, பாத்திரம் கழுவுகிறாளா என்று தூணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படலையடியை நான் முன்பைவிட அதிக தரம் கூட்டினேன். கொண்டையைச் சரியாக முடிந்துகொண்டு போனேன்.

முன்பு ஆட்கள் கொளுக்கியைத் தட்டுவார்கள். இப்போது மணியைக் கண்டு எல்லோரும் அதை அழுத்தப் பழகிவிட்டார்கள். நான் யன்னலடியில் நின்று யோசித்து முடிக்க முன்பே மகள் அங்கிருந்து பதில் சொல்லிவிடுவாள். "அம்மா நிக்கிறா, வருவா, கொஞ்சம் நில்லுங்கோ" என்பாள். மீன்காரர் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டார். மணியை அழுத்தி, என்ன மீன் என்று அவளுக்குச் சொல்லுவார். எனக்கு எது வேண்டும் என்று அவளே அவருக்குச் சொல்லிவிடுவாள். நான் போய்ச் சட்டியை நீட்டினால் சரி.

ஒரு நாள் சட்டியில் மீனைப் போட்டுக்கொண்டே மீன்காரர் சொன்னார்:

"மகளுக்கு இப்பத் தடிமன் கொஞ்சம் குறைவு போலை, ஆச்சி."

"தடிமனோ?"

"ஓம், போன கிழமை குரல் அடைச்செல்லோ கிடந்தது. கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஏன், உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவள்" என்றேன்.

மீனைக் கழுவும்போது கை சும்மா சும்மா நின்றது. என் பிள்ளையின் தொண்டை அடைத்தது மீன்காரருக்குத் தெரிகிறது. கறிக்குப் புளி விட மறந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்தேன். சீலையை மாற்றினேன். முகம் கழுவித் திருநீறு பூசினேன். படலையைத் திறந்து ஒழுங்கைக்குப் போனேன். படலையைப் பின்னால் சாத்தினேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சொந்த வீட்டுக்கு முன்னால் அந்நிய ஆள் மாதிரி நின்று மணியை அழுத்தினேன். உள்ளே, ஆள் இல்லாத வீட்டுக்குள், அது கிணுகிணுத்தது.

தூணுக்குள் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், அவசரமாய், அந்நியருக்குச் சொல்லும் மரியாதையோடு:

"ஓம், சொல்லுங்கோ. அம்மா வீட்டிலைதான் நிக்கிறா. கொஞ்சம் நில்லுங்கோ, இப்ப வருவா."

நான் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஹலோ? ஆர்?"

"நான்தான்" என்றேன்.

போனைக் கிட்டே எடுத்து முகத்தைப் பார்த்திருப்பாள்.

"அம்மா? வெளியிலை என்ன செய்யிறியள்? திறப்பைத் துலைச்சுப்போட்டியளோ?"

"இல்லை. திறப்பு இடுப்பிலை கிடக்கு."

"அப்ப ஏன் மணி அடிச்சனீங்கள்?"

கை தவறி அழுத்திவிட்டேன் என்றோ, வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றோ எதையாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சொற்கள் வாய்க்குள் வந்து நின்றன. ஆனால் எனக்கு முன்னால் நின்றது தூண். தூணைப் பார்த்துச் சொல்வது முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சுகமாக இருந்தது.

"உனக்குத் தடிமனாமே" என்றேன்.

"அது மாறிட்டுது. உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மீன்காரர்."

நான் தூணில் கையை வைத்துக்கொண்டேன்.

"கதைக்கவேணும் போலை கிடந்தது. அதுதான் வந்தனான்."

"அதுக்குப் போனிலை எடுக்கலாமே அம்மா. ஏன் ரோட்டிலை வந்து நிக்கிறியள்?"

"போனிலை எடுத்தால் நீ பயப்பிடுவாய். இல்லாட்டி வேலையிலை நிக்கிறன், பேந்து எடுக்கிறன் எண்டுவாய். மணி எண்டால் உடனை எடுப்பாய். ஆரோ பிறத்தி ஆக்கள் வந்து நிக்கினம் எண்டு எடுப்பாய்."

நான் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு தூண் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. அவள் எங்கேயோ வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒரு கதவு சாத்தப்பட்டது. அவளிடம் யாரோ அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ கேட்க, அவள் சுருக்கமாக ஒரு சொல் சொன்னாள்.

ஒழுங்கையின் அந்தத் தலைப்பில் பக்கத்து வீட்டுப் பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்ததும் நின்றாள்.

"ஆரோடை மாமி கதைக்கிறியள், தூணோடையோ?"

"மகளோடை."

அவள் என்னைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். வேறு நாளென்றால் அதற்கும் ஒரு பகிடி விட்டிருப்பாள். அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தன் படலைக்குள் போய்விட்டாள்.

"அம்மா" என்றாள் மகள். குரல் அடைத்திருந்தது, தடிமனோ என்னவோ. "வெயில் முகத்திலை அடிக்குது. உள்ளை போங்கோ. நான் போனிலை எடுக்கிறன்."

"எப்ப?"

"பின்னேரம்."

பின்னேரம் என்று அவள் சொல்வது எனக்குத் தெரியும். மனதாரத்தான் சொல்வாள். பிறகு பேரனைக் கூட்டிவரப் போகவேண்டி வரும், பஸ் பிந்தும், சமைக்க வேண்டும். அங்கே அவளுக்கு உதவிக்கும் ஒருவரும் இல்லை.

"எத்தினை மணிக்கு வேலைக்குத் திரும்பப் போகவேணும்?" என்று கேட்டேன்.

"இடைவேளை முடிய இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு."

"அப்ப அதுவரைக்கும் நிக்கிறன்."

படலைத் தகரம் வெயிலில் சுட்டது. சீலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி" என்றாள். "என்ன சமைச்சனீங்கள்?"

"மீன் குழம்பு. புளி விட மறந்துபோனன்."

"புளி இல்லாமல் என்னெண்டு சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பிட்டனான்" என்றேன். அவள் அடுத்ததைக் கேட்பதற்காகத் தூணுக்குக் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.